எழும்பூரில் வளர்ந்த ஒரு கண் சிகிச்சை

உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் கொண்ட கோர்வைப் புடவையைக் கைத்தறியில் நெய்வதற்கு இருவர் வேண்டும். தறிக்குழியில் அமர்ந்து நெய்பவர் ஒருவர். பக்கத்திலிருந்து கரையின் நாடாவை எறிந்து கொடுப்பவர் மற்றொருவர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் பாட்டனாரின் தறியில், அந்த இரண்டாம் ஆளாக நான் இருந்தேன். அது 1968-ஆம் ஆண்டு. எனக்கு வயது பத்து.

“நாடா எங்கேயடா? எங்கே வேடிக்கை பார்க்கிறாய்?” என்று பாட்டனார் அடிக்கடி சினந்துகொள்வார். நாடாவோ அவர் முழங்கை அருகிலேயே இருக்கும். நேர் எதிரே பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே கண்டுகொள்வார். ஆதலின் அவர் பார்வையில் குறை உண்டு என்று எவரும் ஐயுறவில்லை. குறை என் கவனத்தில்தான் என்று வீட்டார் தீர்மானித்தனர். மூன்றாண்டுகள் கழித்துக் கண் மருத்துவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றபோது ஒரு கண் முற்றிலும் ஒளி இழந்திருந்தது. மற்றக் கண்ணில், மூங்கிற் குழாய் வழியே பார்ப்பது போன்ற பார்வையே எஞ்சியிருந்தது. கிளாக்கோமா என்ற பெயரை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம்.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது சுரக்கிறது; கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற வழியாக வடிகிறது. வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகும். அவ்வழுத்தம் பார்வை நரம்பை நசுக்கும். பெரும்பாலோர்க்கு வலி இராது. பக்கப் பார்வை முதலில் தேயும். ஒரு கண்ணின் குறையை மற்றொன்று ஈடு செய்வதால் நோயாளி உணர்வதில்லை. அழிந்த நரம்பு மீளாது. எஞ்சியதைக் காப்பதே மருத்துவரால் இயலும்.

அவ்வாறு காக்கும் முறை ஒன்று நம் சென்னையில் வளர்ந்து உலகெங்கும் பரவியது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன். அதனைச் செய்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் பெயர் தந்த எலியட் வேறொருவர். அவர் மருத்துவரல்லர், நீதித்துறையில் பணியாற்றியவர். நம் எலியட் 1864-இல் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, முதலில் பாம்பின் நஞ்சைப் பற்றி ஆராய்ந்தவர். 1904-இல் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அம்மருத்துவமனை 1819-இல் ராபர்ட் ரிச்சர்ட்சன் என்பவரால் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று.

அக்காலத்தில் இந்நோய்க்குச் செய்யப்பட்ட அறுவை, ஜெர்மானிய மருத்துவர் கிரேஃபே 1857-இல் வெளியிட்ட முறை. கருவிழித் திரையில் ஒரு துண்டை நீக்குவது அது. திடீரென வலியோடு தோன்றும் வகைக்கு அது நன்கு பயன்பட்டது. மெல்ல வளரும் வகையில் பெரும்பாலும் பொய்த்தது. எலியட் கையாண்ட வழி எளியது. கண்ணின் மேலுறையைச் சற்றே உயர்த்தி, கருவிழியும் வெண்விழியும் கூடும் இடத்தில், வட்ட வாய் கொண்ட சிறு துளைக்கருவியால் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள வில்லையை வெட்டி எடுத்தார். பின்னர் மேலுறையை மீண்டும் மூடினார். உள்ளே தேங்கிய நீர் அத்துளை வழியே கசிந்து, மேலுறையின் அடியில் உறிஞ்சப்பட்டது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே நீர் வழிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதனை அவர் 1909-இல் தொடங்கினார். அதே ஆண்டில் கிளாஸ்கோ நகர மருத்துவர் ஃபெர்கஸ் என்பாரும் துளையிடும் முறை ஒன்றை வெளியிட்டார். முந்தியவர் யார் என்ற வழக்கில் நான் புகவில்லை. நூற்றுக்கணக்கான கண்களில் செய்து, குறைகளைத் திருத்தி, 1913-இல் தனி நூலாக எழுதி, பிற நாட்டு மருத்துவரும் மேற்கொள்ளும்படி செய்தவர் எலியட்டே. அதற்கு வேண்டிய நோயாளிகள் அவருக்கு எழும்பூரில் கிடைத்தனர். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

அவர் கண்ட நோயாளிகளுள், ஊர் ஊராய்ச் சென்று ஊசியால் கண்புரையை உள்ளே தள்ளிவிடும் வைத்தியர்களிடம் கண்ணைக் கொடுத்தோரும் இருந்தனர். தள்ளியவுடன் பார்வை தெரியும். வைத்தியர் கூலி பெற்று அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பின்னர் அழற்சியும் கிளாக்கோமாவும் தோன்றிக் கண் கெடுவதுண்டு. அத்தகைய கண்களைச் சேகரித்து ஆராய்ந்து, 1917-இல் இலண்டனில் சொற்பொழிவாற்றினார். கண்கட்டு வித்தைகளையும் அவர் விடவில்லை. முதுமையில் இலண்டன் மாயவித்தைக் கழகத்தின் சார்பில், அந்தரத்தில் நிற்கும் கயிற்றில் சிறுவன் ஏறும் இந்திய வித்தையைச் செய்து காட்டுவோர்க்குப் பெரும்பரிசு அறிவித்தார். பரிசைப் பெற்றவர் இல்லை. எலியட் 1936-இல் காலமானார்.

அவருடைய அறுவையிலும் குறை இருந்தது. துளையை மூடிய மேலுறை சில கண்களில் மிக மெலிந்து, நெடுநாட்களுக்குப் பின்னும் கிருமி உட்புக வழியாயிற்று. ஆகவே 1968-இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர் கெய்ர்ன்ஸ், வடிகால் திறப்பின்மேல் வெண்விழியின் ஓர் அடுக்கையே மூடியாக விடும் முறையை வெளியிட்டார். இன்று பெரிதும் செய்யப்படுவது அதன் வழிவந்ததே. நான் நாடாவுக்காகத் திட்டு வாங்கிய அதே ஆண்டு அது!

ஆனால் கேம்பிரிட்ஜ் முறையோ எழும்பூர் முறையோ, மருத்துவரிடம் வந்து சேர்ந்த கண்ணுக்குத்தான் உதவும். 1976-இல் காஞ்சி சங்கராசாரியார் ஜெயேந்திரர் விடுத்த வேண்டுகோளை ஏற்று, மருத்துவர் பத்ரிநாத் 1978-இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். அதன் மருத்துவர்கள் 2001 முதல் 2004 வரை சென்னையிலும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்களிலும் நாற்பது வயதைக் கடந்தோரின் கண்களைச் சோதித்தனர். சிற்றூர்களில் இந்நோய் கண்டறியப்பட்டவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் அதற்கு முன் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்க்கும் வர வாய்ப்பு மிகுதி என்பதால், நான் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்கிறேன். ஒரு வெண்கிண்ணத்தினுள் நேரே நோக்கச் சொல்வார்கள். ஓரங்களில் சிறு ஒளிப்புள்ளிகள் தோன்றும். கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலப்பக்கக் கோடியில் ஒரு புள்ளி தோன்றும்போதெல்லாம், பாட்டனாரின் முழங்கை அருகே நான் நீட்டிய நாடா அவ்விடத்தில்தான் இருந்தது என்று எண்ணிக்கொண்டே அழுத்துகிறேன்.