பன்னிரண்டு அங்குலக் கலாசாலை

1961-ஆம் ஆண்டில் டோக்கியோ மாநகரின் மேற்குப் புறத்தே ஹோண்டா நிறுவனத்தார் ‘தாமா டெக்’ என்னும் கேளிக்கைப் பூங்காவைத் திறந்தபோது, அங்கு வரும் குழந்தைகள் ஏறி விளையாடுவதற்கென்று சில குட்டி மோட்டார் சைக்கிள்களையும் செய்து வைத்திருந்தார்கள். ஐந்து அங்குலச் சக்கரங்கள், 49 சி.சி. எஞ்சின், அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங் எதுவுமில்லாத விறைத்த சட்டம். இவ்வளவே அதன் அங்க லட்சணம். பெரியவர் ஒருவர் அதன்மீது அமர்ந்தால் முழங்கால்கள் மேலெழும்பி, முதுகு வளைந்து, குரங்கு ஒன்று கிளையில் ஒடுங்கியிருப்பது போன்ற தோற்றம் உண்டாகுமாதலால், ‘மங்கி’ என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. பூங்காவின் எல்லைக்குள் சுற்றிவரப் பிறந்த அந்த விளையாட்டுச் சாதனத்தின் வம்சத்திலிருந்து, உலகப் பந்தயங்களின் வீரர்களை உருவாக்கும் ஒரு பயிற்சி மரபே பின்னாளில் தழைத்தது.

அந்த வம்சத்தின் மூலபுருஷன், 1958-இல் ஹோண்டா வெளியிட்ட ‘சூப்பர் கப்’ என்னும் சிறு மோட்டார் சைக்கிள். உணவுக் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டே மறு கையால் ஓட்டிச் செல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடு, கைப்பிடியிலிருந்து கிளட்ச் நெம்புகோலையே நீக்கி, காலால் கியர் மாற்றும்போது கிளட்ச் தானாகவே விடுபடும்படி அதை அமைத்திருந்தார்கள். கடைத் தெருவின் தேவைக்காகப் பிறந்த அந்த யுக்தியே, அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், முதன்முதலாக மோட்டார் சைக்கிளில் ஏறும் குழந்தைகளுக்குரிய மண்பாதை வண்டிகள் பலவற்றில் அப்படியே நிலைத்திருக்கிறது.

அறுபதுகளின் இறுதியில் இக்குட்டி வண்டிகள் ‘மினி டிரெயில்’ என்னும் பெயரோடு அமெரிக்காவுக்குச் சென்றன. விசாலமான கொல்லைகளும் காட்டுப் பாதைகளும் நிறைந்த அந்நாட்டில் சிறுவர்கள் அவற்றை மண்ணில் ஓட்டிக் களித்தார்கள். தேவை பெருகவே வண்டியும் வளர்ந்தது. 1981-இல் வந்த எக்ஸ்.ஆர். 100, காற்றால் குளிரும் நாலு வீச்சு எஞ்சினும், முன்னே 19 அங்குலமும் பின்னே 16 அங்குலமுமான சக்கரங்களும் கொண்டது. பத்துக் குதிரைத்திறனுக்கும் உட்பட்ட இந்த எளிய வண்டியைப் பெரிய வீரர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கென்னி ராபர்ட்ஸ்.

1973, 1974 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க மண்தடப் பந்தயங்களின் தேசிய சாம்பியனாகவும், 1978 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 500 சி.சி. பிரிவின் உலக சாம்பியனாகவும் விளங்கியவர் அவர். மண்ணில் பின்சக்கரம் வழுக்கும்போது அஞ்சாமல் அந்த வழுக்கலையே திருப்பத்துக்குத் துணையாக்கிக்கொள்ளும் வித்தையை, தார்ச்சாலைப் பந்தயத்துக்குக் கொண்டுபோய் ஐரோப்பியரை வியக்க வைத்தார். பின்பு இளைஞர்களுக்குப் போதிக்கும் ஸ்தானத்தை ஏற்றபோது, அவர் தம் மாணாக்கர்களை ஏற்றிவிட்டது அசுர வேக எந்திரங்களில் அல்ல; இந்த 100 சி.சி. வண்டிகளில்தான். சக்தி குறைந்த வண்டியில் தவறு செய்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து மறுபடியும் முயலலாம் என்பதும், அங்கே வேகம் எஞ்சினிலிருந்து வராது, ஓட்டுபவனின் சாமர்த்தியத்திலிருந்தே வரவேண்டும் என்பதும் அவர் கண்ட உண்மை.

மண்பாதை வண்டியைத் தார்ச்சாலைக்குத் தயார்செய்யும் வழக்கம் பிரசித்தி பெற்றதும் அக்காலத்தில்தான். 1979-இல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடு திடலில், அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ‘சூப்பர்பைக்கர்ஸ்’ என்றொரு போட்டி நடந்தது. மண்ணில் வல்லவரும் சாலையில் வல்லவரும் ஒரே களத்தில் மோதினால் யார் சிறந்தவர் என்று தெரிந்துவிடும் என்பது அதன் நோக்கமாதலின், தாரும் மண்ணும் கலந்ததாகத் தடத்தை வகுத்திருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில் அது ஓய்ந்துபோயிற்றாயினும், பிரெஞ்சுக்காரர் அதை ஏற்று வளர்த்து ‘சூப்பர்மோட்டார்ட்’ என்று பெயரிட்டார்கள். பெரிய வண்டிகளில் அவர்கள் செய்த மாற்றங்களையே சிறு வண்டிகளில் செய்து, கோ-கார்ட் ஓடும் சிறு தடங்களில் ஓட்டத் தொடங்கியவர்களால் மினி சாலைப் பந்தயம் என்னும் கிளை வேரூன்றியது.

அந்த மாற்றங்களைச் சற்று நிதானமாகக் காண்போம். இக்கலையின் சூட்சுமம் முழுவதும் அவற்றில் அடங்கியிருக்கிறது. முதல் மாற்றம் சக்கரத்தில். கற்களின்மீது உருண்டேறுவதற்காக அமைந்த பெரிய முன்சக்கரமும் கட்டைகள் துருத்திய டயரும் தார்த் தளத்தில் பயன்படா. ஆகவே இரண்டையும் நீக்கி, 1987-இல் வந்த என்.எஸ்.ஆர். 50 போன்ற பந்தய பாணிக் குட்டி வண்டிகளுக்குரிய 12 அங்குலச் சக்கரங்களையும் மென்மையான ரப்பர் டயர்களையும் பூட்டுகிறார்கள். பின்சக்கரம் 16 அங்குலத்திலிருந்து 12 அங்குலமானால், தடித்த டயரைக் கணக்கில் கொண்டாலும், ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தூரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். 14 பற்கள் உள்ள முன் ஸ்பிராக்கெட்டை 16 பற்கள் உள்ளதாக மாற்றினால் அந்த நஷ்டம் ஏறக்குறைய ஈடாகும். ஆனால் நேர்ப்பாதை குறுகி வளைவுகள் மலிந்த தடத்தில் அதை முழுதும் ஈடுசெய்யாமல் விடுவதே சில வேளைகளில் உத்தமம் என்பதை, ஓட்டிப் பார்த்தவனே அறிவான்.

அடுத்தது ஸ்பிரிங். குழந்தையின் எடையையும் குதித்து இறங்கும் அதிர்ச்சியையும் எண்ணி மிருதுவாக அமைத்த முன் ஃபோர்க், வளர்ந்தவன் ஒருவன் தார்ச்சாலையில் பிரேக்கை அழுத்திய கணத்தில் அடிவரை அமிழ்ந்துபோகும். ஆகவே விறைப்பான ஸ்பிரிங்கும் கெட்டியான எண்ணெயும் இடுகிறார்கள். ஃபோர்க் குழாய்களை அவற்றின் பிடிப்பில் சற்றே மேலேற்றி முன்பக்கத்தைத் தாழ்த்தினால் வண்டி விரைந்து திரும்பும். அளவு மீறினாலோ நேர்ப்பாதையில் நிலைகொள்ளாது தலையாட்டும். பழைய டிரம் பிரேக்கின் இடத்தில் டிஸ்க் பிரேக் அமைகிறது. ஸ்டாண்டையும் விளக்கையும் கழற்றுவதும், எண்ணெய் வடிக்கும் போல்ட்டைத் துளையிட்டுக் கம்பியால் பிணைப்பதும், எஞ்சினின் மூச்சுக்குழாயை ஒரு சிறு கலத்தில் முடிப்பதும் வேகத்துக்காகச் செய்பவை அல்ல. தடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவன் விழுவான். தன் வண்டியைப் பேணுவது பிறன் உயிரைப் பேணுவதே என்னும் தர்மத்தை, இவ்விளையாட்டு சிறுவனுக்கு முதல் நாளிலேயே உபதேசித்துவிடுகிறது.

ஜப்பானில் இதற்கு இணையாக ‘பாக்கெட் பைக்’ என்னும் இன்னும் சிறிய வண்டிகளின் பந்தயம் செழித்தது. 2001-இல் 250 சி.சி. பிரிவில் பதினொரு பந்தயங்களை வென்று உலக சாம்பியனான டைஜிரோ காட்டோ, பால்ய பருவத்தில் அவற்றில்தான் அப்யாசம் தொடங்கினார். 2003-இல் சுசூகா தடத்தில் நேர்ந்த விபத்தில் தம் இருபத்தாறாம் வயதில் அவர் மறைந்தது அந்நாட்டாருக்குப் பெருந்துயரம். அவர் பெயரையும் அவருடைய 74 என்ற எண்ணையும் தாங்கிய சிறு வண்டியை ஜப்பானியக் குழந்தைகள் ஓட்டிப் பழகினார்கள். இத்தாலியில் வாலன்டினோ ரோஸியும் மார்கோ சிமோன்செல்லியும் ‘மினிமோட்டோ’வில் பயின்று எழுந்தவர்களே.

தனி மனிதர்கள் பட்டறைகளில் செய்துவந்த திருத்தங்களைக் கண்ட ஹோண்டா நிறுவனமே, 2005-இல் 12 அங்குலச் சக்கரங்களோடு ‘எக்ஸ்.ஆர். 100 மோட்டார்ட்’ என்ற வண்டியை ஜப்பானில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 2021-இல் உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் பல நாடுகளின் சிறுவர்களுக்காக ‘மினி ஜி.பி.’ தொடரைத் தொடங்கி, அதற்கென்றே உருவான பந்தய வண்டிகளை அவர்களுக்கு வகுத்தது. இது வரவேற்கத் தக்க முன்னேற்றம். ஆயினும் விலை கொடுத்துப் பெற்ற வண்டி ஓட்டக் கற்பிக்குமேயன்றி, எதனால் ஓடுகிறது என்பதைக் கற்பிக்காது. பழைய மண்பாதை வண்டி ஒன்றை வாங்கி, தன் கையாலேயே கழற்றிப் பூட்டி, ஒரு பல்லைக் கூட்டியும் ஒரு நூல் தாழ்த்தியும் பார்த்து, அதன் விளைவை அடுத்த வளைவில் தன் உடம்பால் உணர்ந்தவன் பெறும் ஞானம் வேறு வகையானது. இரண்டில் அதுவே உயர்ந்தது என்பது என் துணிபு.

பிள்ளைகளைப் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். மைந்தனுக்கு வேகத்தின்மீது ஆசை பிறந்தால் அதை அடக்கிப் பயனில்லை. பொதுச்சாலையில் சீறிப் பாயும் பெரிய வண்டியை வாங்கிக் கொடுத்து அதற்கு இரையாக்கவும் வேண்டாம். பழைய சிறு வண்டி ஒன்றையும் ஒரு ஸ்பானர் பெட்டியையும் அவனிடம் ஒப்படைத்து, தலைக்கவசமும் தோலாடையும் அணிவித்து, மூடிய தடத்துக்கு அவனோடு நீங்களும் போய் நில்லுங்கள்.