ஆங்கில மொழிமூல விரிவுரைகளில் பன்மொழியும் செயற்கை நுண்ணறிவும்

பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில் இருக்க, விளக்கத்துக்கு மட்டும் மாணவரின் மொழியை விரிவுரையாளர் துணைக்கு எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். அதைக் குறையாகப் பார்க்காமல் கற்பித்தல் முறையாக ஆராயத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். வேல்ஸ் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் 1994இல் வகுப்பில் இரு மொழிகளைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவதற்குத் தம் வெல்ஷ் மொழியில் ஒரு பெயரிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளிவந்த தமது நூலில் அங்குள்ள ஆங்கில வகுப்புகளில் தமிழ் புழங்குவதை எழுதினார்.

கண்டியை அடுத்த பேராதனையில் நிலைமை வேறு. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் பின்னர் இங்கு இடம்பெயரத் தொடங்கியது. 1960 அளவில் கலைப் பாடங்களுக்குச் சிங்களமும் தமிழும் வந்தன. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நின்றன. திகனயிலோ தெல்தெனியவிலோ தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்து வரும் மாணவர், சிங்கள மொழிமூலம் படித்தவரோடு ஒரே மண்டபத்தில் அமர்கிறார். ஆங்கிலம் புரியாத இடத்தில் விரிவுரையாளர் சிங்களத்துக்கு மாறினால், மண்டபத்தில் பெரும்பாலோர்க்கு அது தாய்மொழி. தமிழ் மாணவருக்கோ மூன்றாவது மொழி. பன்மொழிக் கற்பித்தலைப் புகழ்வோர் இதை அதிகம் பேசுவதில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலி வெளியானபின், தமிழ் தெரியாத விரிவுரையாளரும் சொற்பட்டியலோ பாடச் சுருக்கமோ தமிழில் பெற முடிகிறது. ஆனால் இணையத்தில் தமிழ்நாட்டு வழக்கே மிகுதி என்பதால் இயந்திரமும் அதன் பக்கமே சாய்கிறது. இலங்கைப் பாடநூலில் ‘வேகம்’ திசையுள்ள கணியம், திசையற்றது ‘கதி’. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘வேகம்’ திசையற்றது, திசையுள்ளது ‘திசைவேகம்’. ஆர்முடுகல் அங்கே முடுக்கம். ஒட்சிசன் ஆக்சிஜன் ஆவதை மாணவர் ஊகித்துவிடலாம். வேகம் இடம் மாறினால் கணக்கே பிழைத்துவிடும். எனவே மாணவர் படித்த பாடநூலின் கலைச்சொற்களை முதலில் கொடுத்து, கிடைத்ததைத் தமிழறிந்த துறையாசிரியர் ஒருவரிடம் காட்டிய பின்பே வகுப்பில் வழங்குவது முறை.

சொல் தேடும் இந்தப் பாடு புதிதன்று. மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான கலைச்சொற்களையும் தொகுத்தார். பேராதனையின் மருத்துவ, பொறியியல் மாணவருக்கோ, விளக்கம் எந்த மொழியில் கிடைத்தாலும், வினாத்தாள் வருவது ஆங்கிலத்தில். விடை எழுதுவதும் ஆங்கிலத்தில்.