விண்ட்ஜாமரும் ஆர்.எஸ்.ஸும்: எழுபதுகளின் இரண்டு ஃபேரிங்குகள்

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் மோட்டார் சைக்கிளில் காற்றோடு அதிகம் மல்லுக்கட்டுவது ஓட்டுபவரின் நெஞ்சுதான். வேகம் இரு மடங்கானால் காற்றின் தள்ளுவிசை நான்கு மடங்காகிவிடும். மணிக்கு 50 கி.மீ.யில் முகத்துக்கு இதமாக இருந்த காற்று, 100-ஐத் தாண்டியதும் நெஞ்சில் கை வைத்துத் தள்ள ஆரம்பிக்கும். 130-ல் ஹேண்டில்பாரை விட்டால் பின்னால் போய் விழுந்துவிடுவோம் என்று தோன்றும். அரை நாள் அப்படி ஓட்டியவருக்குக் கழுத்தும் தோள்பட்டையும் கழன்றுபோன மாதிரி இருக்கும்.

ஃபேரிங் என்கிற முன்கூடு முதலில் பந்தயத்தில்தான் பெரிய அளவில் வேலை செய்தது. அங்கே ஓட்டுபவரின் சௌகரியம் யாருடைய கவலையுமில்லை. 1950-களில் இத்தாலியின் மோட்டோ குஸி தன் மாண்டெல்லோ டெல் லாரியோ தொழிற்சாலையில் சொந்தமாகக் காற்றுச் சுரங்கமே கட்டி, முன்சக்கரத்தையும் சேர்த்து விழுங்கிக்கொள்ளும் கூடுகளை வடித்தது. வேகம் எகிறியது. ஆனால் பக்கக் காற்று அடித்தால் அந்தப் பெரிய முன்பரப்பு பாய்மரம் போல வண்டியை ஒதுக்கித் தள்ளும். 1957 பருவத்தோடு சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் முன்சக்கரத்தை மூடும் கூடுகளுக்குத் தடை போட்டது. பக்கக் காற்று என்ற இந்தச் சிக்கலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்; நெடுஞ்சாலை ஃபேரிங்குகளின் கதையிலும் அது திரும்ப வரும்.

சாதாரண மனிதர் ஓட்டும் வண்டிக்கு ஃபேரிங்கைக் கொண்டுவந்ததில் எழுபதுகளின் இரண்டு படைப்புகளை நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஒன்று, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிரெய்க் வெட்டர் 1971-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த விண்ட்ஜாமர். மற்றொன்று, 1976-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ அறிமுகப்படுத்திய ஆர்100 ஆர்.எஸ். வண்டியின் ஃபேரிங். ஐந்தே ஆண்டு இடைவெளி. இரண்டும் கைப்பிடியோடு திரும்பாமல் ஃப்ரேமோடு நிற்பவை. இரண்டும் நெடுந்தூரப் பயணத்துக்கானவை. ஆனாலும் ஒன்றை ஓட்டிப் பழகியவர் மற்றொன்றில் ஏறினால் வேறு வாகனத்தில் ஏறியது போல உணர்வார். ஏன் என்பதற்கான விடை பாதி வடிவத்தில் இருக்கிறது, பாதி அவை ஓடிய சாலைகளில் இருக்கிறது.

வெட்டர் தொழில்துறை வடிவமைப்பு படித்தவர். டிரையம்ப் எக்ஸ்-75 ஹரிகேன் வண்டியின் அழகான உருவமும் அவர் கையிலிருந்து வந்ததுதான். அறுபதுகளின் நடுவிலேயே ஃபேரிங் செய்யத் தொடங்கிய அவர் மோதிய பெரிய சுவர் காற்று அல்ல, வண்டிகளின் வகை. ஹோண்டாவுக்கு ஒரு ஃப்ரேம், கவாசாகிக்கு ஒரு ஃப்ரேம், பி.எம்.டபிள்யூவுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூடு வடித்தால் அச்சுச் செலவிலேயே கம்பெனி மூழ்கிவிடும். விண்ட்ஜாமரில் அவர் கண்ட வழி எளிமையானது: கூடு எல்லோருக்கும் ஒன்றே, கூட்டைத் தாங்கும் இரும்புப் பிடிப்புகள் மட்டும் வண்டிக்கு வண்டி வேறு. வாங்குபவர் தன் வண்டியின் பெயரைச் சொன்னால் அதற்கான பிடிப்புப் பெட்டி கிடைக்கும். வீட்டு வாசலில் ஸ்பானர் செட்டோடு உட்கார்ந்து அவரே மாட்டிக்கொள்ளலாம்.

அந்தப் பிடிப்பைச் சற்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் தலைக்குக் கீழே இறங்கும் ஃப்ரேம் குழாய்களைக் கவ்வும் வளையங்கள், அவற்றிலிருந்து முன்னோக்கி நீளும் கைகள், அந்தக் கைகளில் கூடு வந்து அமரும் போல்ட்டுகள். பார்ப்பதற்கு ஒன்றுமேயில்லாத சாமான். கூட்டின் முழு பாரமும், நூறு கி.மீ. வேகத்தில் அதன்மீது மோதும் காற்றின் முழு பாரமும் இந்தச் சில வளையங்கள் வழியாகத்தான் வண்டிக்கு இறங்குகிறது. ஒரு போல்ட் லேசாகத் தளர்ந்தாலும் மேலே கண்ணாடி படபடக்கும், கூடு நடுங்கும், நாளாவட்டத்தில் போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திர வடிவில் விரிசல் விடும். விண்ட்ஜாமரின் அகலமான முகத்தைப் பார்த்து மதிப்பிடுபவர்கள் இந்தப் பிடிப்பைக் கவனிப்பதில்லை. என் பார்வையில் வெட்டரின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான்.

கூடு மாட்டியதும் வண்டியின் சொந்த ஹெட்லைட் கழற்றி ஓரமாக வைக்கப்படும். கூட்டுக்குள்ளேயே புது ஹெட்லைட், புது இண்டிகேட்டர். இரு பக்கமும் உள்ளே கையுறை, வரைபடம், சில்லறை வைத்துக்கொள்ளப் பைக்குழிகள். முதன்முறை ஓட்டுபவருக்கு ஒரு திகைப்பு காத்திருக்கும்: கைப்பிடியைத் திருப்பினால் விளக்கு திரும்பாது. வாசலில் வண்டியை வளைத்து எடுக்கும்போது வெளிச்சம் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். இதற்குப் பழகிவிட்டால் லாபம் பெரிது. ஃபோர்க்கில் மாட்டும் சாதாரண விண்ட்ஷீல்டு, எதிரே வரும் லாரி கிளப்பும் காற்றையெல்லாம் நேராகக் கைப்பிடிக்கு அனுப்பிவிடும். வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். ஃப்ரேமில் நிற்கும் கூட்டில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

ஆர்.எஸ். பிறந்தது முற்றிலும் வேறு முறையில். அதன் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மூத் ஏற்கெனவே 1973-ல் ஆர்90 எஸ் வண்டியின் சின்ன முகக்கூட்டை வரைந்தவர். இம்முறை பி.எம்.டபிள்யூ வண்டியை இத்தாலிக்குக் கொண்டுபோய், டுரின் அருகே பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தியது. அங்கே கூட்டின் ஒவ்வொரு வளைவும் காற்றின் முன்னால் நிறுத்தித் திருத்தப்பட்டது. அதன் பயனாகக் கிடைத்ததாக நிறுவனம் வெளியிட்ட கணக்கு கவனிக்கத்தக்கது: காற்றின் எதிர்ப்பு குறைந்தது 5.4 சதவீதம்தான், முன்சக்கரம் மேலெழும்பப் பார்க்கும் விசை 17.4 சதவீதம் குறைந்தது. பக்கக் காற்றில் வண்டி திரும்பப் பார்க்கும் விசையோ 60 சதவீதம் குறைந்தது. இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அவர்கள் எதற்காகப் பாடுபட்டார்கள் என்று தெரிந்துவிடும். வேகத்தை ஏற்றிக் காட்டுவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. 980 சி.சி., 70 குதிரைத்திறன் கொண்ட வண்டி மணிக்கு 200 கி.மீ.யைத் தொடும்போது முன்சக்கரம் தரையை விடாமல் இருக்க வேண்டும், அதுதான் கவலை. மோட்டோ குஸிக்காரர்கள் ஐம்பதுகளில் தீர்க்காமல் விட்ட பக்கக் காற்றுக் கணக்குக்கு இருபது வருடம் கழித்து இங்கே பதில் எழுதப்பட்டது.

ஆர்.எஸ். ஃபேரிங்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கண்ணாடியோ முன்விளிம்போ அல்ல, கைப்பிடி. குறுகலான, தாழ்வான கைப்பிடி. அதைப் பிடித்தால் உடம்பு தானாக ஓரளவு முன்னே சாயும், முழங்கை உள்ளே வரும், கைகள் கூட்டின் நிழலுக்குள் போய்விடும். கண்ணாடி குட்டையாக இருப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கும். இந்த உடம்பு இந்தக் கோணத்தில்தான் இருக்கும் என்று முடிவுசெய்துகொண்டு அதற்கேற்றபடி கூட்டை வடித்திருக்கிறார்கள். வெட்டருக்கு அந்த வசதியே கிடையாது. யார் வாங்குவார், எவ்வளவு உயரம், என்ன சீட்டு, எப்படிப்பட்ட கைப்பிடி எதுவும் அவருக்குத் தெரியாது. அதனால் அவர் கூட்டை அகலமாகவும் உயரமாகவும் வைத்து, யார் உட்கார்ந்தாலும் மறையும்படி செய்தார். ஒருவர் உடலை அளந்து தைத்தார். மற்றவர் எல்லோருக்கும் போதுமானதைத் தைத்தார்.

ஓட்டிப் பார்க்கும்போது இந்த வேறுபாடு முதல் கிலோமீட்டரிலேயே கையில் தெரியும். விண்ட்ஜாமருக்குப் பின்னால் உட்கார்ந்தால் நெஞ்சுக்கு முன்னே காற்று நின்றுவிடும். சட்டை படபடக்காது. மழையில் தொடையும் மடியும் பெருமளவு நனையாது. ஆனால் கண்ணாடியின் மேல்விளிம்பு எங்கே முடிகிறது என்பதில் ஓட்டுபவரின் நிம்மதி முழுவதும் அடங்கியிருக்கிறது. பார்வை கண்ணாடிக்கு மேலாகப் போக வேண்டும், விளிம்பு ஏறக்குறைய மூக்கு மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் இரவு மழையில் கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியாகச் சாலையைத் தேட வேண்டியிருக்கும்; எதிரே வரும் விளக்கு ஒவ்வொரு கீறலிலும் சிதறும். ரொம்பத் தாழ்ந்திருந்தால் விளிம்பில் சுழலும் காற்று ஹெல்மெட்டில் வந்து டமடமவென்று அடிக்கும். அதனால்தான் கண்ணாடியை அளவுபார்த்து அறுத்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்க ஓட்டிகளிடம் வந்தது.

ஆர்.எஸ்.ஸில் நகருக்குள் போவது ஒரு தண்டனை. மெதுவாகப் போகும்போது உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர்களின் சூடு காலுக்கு வரும். நூற்றைத் தாண்டியதும் அதே வண்டி குணம் மாறிவிடும். மேலே வழிந்து வரும் காற்று நெஞ்சை அளவோடு தாங்கிப் பிடிக்க, மணிக்கட்டின் பாரம் குறைந்துபோகும். வேகம் கூடக் கூட வண்டி தரையோடு ஒட்டி அமரும். மோட்டார் சைக்கிள் வேகம் ஏறும்போது அமைதியாவது என்பது 1976-ல் பெரும்பாலான ஓட்டிகள் அறியாத அனுபவம்.

விண்ட்ஜாமர் அந்த வேகத்துக்கு வரவே கூடாது. கூட்டின் பாரம் முன்னால், பெட்டிகளும் மூட்டையும் பின்னால், ஸ்டீயரிங் பேரிங்கோ டயரோ சற்றுத் தேய்ந்திருந்தாலும் வண்டி அலம்பத் தொடங்கும். எழுபதுகளின் ஜப்பானிய வண்டிகளுக்கு இன்ஜின் பலம் வேகமாக வளர்ந்த அளவு ஃப்ரேம் வளரவில்லை. பெரிய கூட்டை அவற்றின் தலையில் ஏற்றியபோது அந்தக் குறை வெளியே வந்தது. இதை வைத்து விண்ட்ஜாமரைக் குறைசொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எண்ணெய் நெருக்கடியையடுத்து 1974 தொடக்கத்தில் அமெரிக்கா நாடு முழுக்க வேக உச்சவரம்பை மணிக்கு 55 மைலாக, அதாவது சுமார் 88 கி.மீ.யாக இறக்கியது. ஒரு மாநிலத்தைக் கடக்கவே ஒரு பகல் தேவைப்படும் நாட்டில், நேர்கோட்டுச் சாலையில், அந்த வேகத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே வேண்டியது காற்றில்லாத ஒரு சிறு அறை. வெட்டர் அதைக் கொடுத்தார். ஜெர்மனியிலோ நெருக்கடிக் காலத்தின் சில மாதங்கள் போக, ஆட்டோபானில் பொது வேக வரம்பு கிடையாது. அங்கே 160-ல் தொடர்ந்து போக நினைப்பவருக்கு அறை உதவாது, நிலைத்தன்மைதான் உதவும். மூத் அதைக் கொடுத்தார்.

அமெரிக்கச் சாலையின் நியாயத்தை பி.எம்.டபிள்யூவே புரிந்துகொண்டது என்பதற்கு 1978-ல் வந்த ஆர்100 ஆர்.டி. சாட்சி. ஆர்.எஸ். கூட்டின் கீழ்ப்பகுதியை வைத்துக்கொண்டு, மேலே உயரமான கண்ணாடி, உயர்ந்த கைப்பிடி, உள்ளே சாமான் வைக்க இடம் என்று அதை அமைத்தார்கள். வெட்டர் ஏழு வருடமாக விற்றுக்கொண்டிருந்த சௌகரியம், தொழிற்சாலை நேர்த்தியோடு.

வெட்டரின் வெற்றியே அவருக்குப் பின்வந்தவர்களின் சந்தையை அடைக்கவும் செய்தது. 1978-ல் அவர் நிறுவனத்தை விற்றபோது அது அமெரிக்க மோட்டார் சைக்கிள் தொழிலில் ஹார்லி-டேவிட்சனுக்கு அடுத்த இடத்தில் இருந்தது. 1975-ல் வந்த ஹோண்டா கோல்டு விங்கில் ஃபேரிங் கிடையாது; வாங்கியவர்களில் ஏராளமானோர் விண்ட்ஜாமரை மாட்டிக்கொண்டார்கள். ஹோண்டா அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. 1980-ல் ஃபேரிங்கும் பெட்டிகளும் சேர்ந்தே வரும் கோல்டு விங் இண்டர்ஸ்டேட் கடைக்கு வந்ததும், தனியாகக் கூடு வாங்கும் தேவை தேயத் தொடங்கியது.

எது சிறந்த ஃபேரிங் என்று கேட்டால் ஆர்.எஸ். என்று தயங்காமல் சொல்வேன். வண்டியும் கூடும் ஓட்டுபவர் உடம்பும் ஒரே கணக்கில் சேர்ந்து வடிக்கப்பட்ட வேலை அது. எது அதிகம் பேருக்கு உதவியது என்று கேட்டால் விண்ட்ஜாமர். கையிலிருக்கும் பழைய ஹோண்டாவை விற்காமலேயே, புது வண்டிக்குக் கடன் வாங்காமலேயே, குளிரிலும் மழையிலும் தூர தேசம் போகும் உரிமையை அது சாதாரணச் சம்பளக்காரருக்கு வாங்கிக் கொடுத்தது. வடிவமைப்பின் வரலாற்றை எழுதுபவர்கள் ஆர்.எஸ்.ஸுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கி, வெட்டரை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது.

அந்த மதிப்பீடு இன்றைய பழைய வண்டிச் சந்தையிலும் தெரிகிறது. உடையாத ஆர்.எஸ். ஃபேரிங்கை அதன் சொந்தக்காரர் கழற்ற மாட்டார். முன்மூடிக்குள்ளே ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டி துண்டு துண்டாகக் கழற்றினாலும், ஒவ்வொரு திருகாணியையும் எண்ணித் திரும்ப மாட்டுவார். விண்ட்ஜாமர் அணிந்த ஜப்பானிய வண்டியை வாங்குபவர்களில் பலர் முதல் வேலையாகக் கூட்டைக் கழற்றி மூலையில் சாய்த்துவிடுகிறார்கள். கழற்றிய பிறகுதான் சிக்கல் தெரியவரும்: அன்று ஓரமாக எடுத்துவைத்த சொந்த ஹெட்லைட்டும் அதைத் தாங்கும் காதுகளும் கைமாறிக் கைமாறி எங்கோ தொலைந்திருக்கும், ஹெட்லைட் வயர்களை வெட்டி ஒட்டி டேப் சுற்றியிருப்பார்கள். அப்படி ஒரு வண்டியை வாங்குபவர் கூட்டை உடனே கழற்றாமல் பிடிப்பு போல்ட்டுகளை இறுக்கி, துளை விரிசல்களுக்கு உள்பக்கம் ஃபைபர் ஒட்டி, பழுத்துப்போன கண்ணாடியை மாற்றி, ஸ்டீயரிங் பேரிங்கைச் சரிபார்த்து, 80-ல் ஒரு நீண்ட நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடித் திருகாணிகளை மட்டும் முறுக்கி இறுக்கக் கூடாது, துளையிலிருந்து அது பிளந்துவிடும்.