ஆவாரம்பட்டைத் தோலின் பயணம்

டென்மார்க்கில் ஓர்ஹூஸ் நகருக்கு அருகே மோஸ்கோர் கடற்கரையில் 1977 முதல் கோடைதோறும் வைக்கிங் சந்தை கூடுகிறது. அங்கே கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உடையில் இருப்பார்கள். முழங்கால் வரை தொங்கும் கம்பளி அங்கி, உள்ளே லினன் சட்டை, கெண்டைக்காலில் சுற்றிய கம்பளிப் பட்டை, தோளில் ஊக்கு குத்திய போர்வை, இடுப்பில் தோல்வார், அதில் தொங்கும் கத்தி, காலில் தோல் செருப்பு. இங்கிலாந்தில் ரேஜியா ஆங்கிலோரம் என்ற சங்கம் 1986 முதல் இதே வேலையைச் செய்கிறது. அந்தக் காலத்துச் சண்டையையும் சமையலையும் கைத்தொழிலையும் நடத்திக் காட்டும் இதுபோன்ற குழுக்கள் ஐரோப்பா முழுவதும் இருக்கின்றன.

உடை விஷயத்தில் இவர்கள் கண்டிப்பானவர்கள். மெஷின் தையல் வெளியே தெரியக்கூடாது. நிறம் செடியிலிருந்து எடுக்கக்கூடிய சாயத்துக்குள் அடங்க வேண்டும். ஜிப்பும் பிளாஸ்டிக் பொத்தானும் அறவே ஆகாது. தோலுக்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்: குரோம் தோல் கூடாது, மரப்பட்டையில் பதனிட்ட தோலாக இருக்க வேண்டும்.

நியாயமான சட்டம்தான். குரோமிய உப்பைக் கொண்டு தோலைப் பதனிடலாம் என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்ரிக் க்னாப் 1858இல் எழுதினார். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் அது தொழிலானது. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குரோம் தோல். பத்தாம் நூற்றாண்டுக்காரர் எவரும் அதைத் தொட்டிருக்க வழியில்லை. ஓரத்தை வெட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். சாயம் உள்ளே இறங்காத குரோம் தோலின் வெட்டுவாய் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும்; பட்டைத் தோலின் வெட்டுவாய் பழுப்பு.

அந்தப் பழுப்புத் தோல் பாலாற்றங்கரையின் பழைய பண்டம். ராணிப்பேட்டை, வாலாஜா, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று ஆற்றுப் பகுதியில் அமைந்த ஊர்களுக்கு அதுதான் முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது. இன்று இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் ஷூக்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பயணம் போன தோலின் கதையை நாமே மறந்துகொண்டிருக்கிறோம்.

கசாப்புக் கடையில் உரித்த தோலுக்கு உப்புப் போட்டு மடித்தால் அது மண்டிக்கு வரும். அங்கே தரம் பிரித்து வாங்கித் தோல் ஷாப்புக்குக் கொண்டுபோவார்கள். டேனரியை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறோம். முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள்; உப்பும் இரத்தமும் கழியும். அடுத்தது சுண்ணாம்புக் குழி. மயிர்க்கால் இளகிய பிறகு, வளைந்த மரக்கட்டையின் மேல் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் மயிரை வழிப்பார்கள். திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் வழிப்பார்கள். கத்தி ஒரு நூல் இறங்கினால் தோல் ஓட்டை, அதன் விலை போச்சு. அந்தக் கைக்கணக்கு வருவதற்குப் பல வருடம் ஆகும்.

சுண்ணாம்பு போகக் கழுவியதும் ஆவாரம்பட்டைச் சாறு. பொங்கலுக்கு முன்னால் காப்புக் கட்டுவதற்குப் பூவோடு ஒடித்து வருகிறோமே, அதே ஆவாரைதான். தரிசிலும் மேட்டிலும் தானாக வளரும் செடி. அதன் பட்டையை உரித்து, நொறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டால் துவர்ப்புச் சத்து இறங்கும். தோலை முதலில் மெல்லிய சாற்றில் போட்டு, நாளுக்கு நாள் கெட்டியான சாற்றுக்கு மாற்றுவார்கள். எடுத்த எடுப்பில் கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்பரப்பு இறுகிக்கொள்ளும். உள்ளே பச்சையாகவே நின்றுபோகும். துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு நாராகப் பிணைந்தபின் அது அழுகாது. கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீர். அதில் நிறம் தெளிந்து வெளிர் மஞ்சள் கூடும். புங்க எண்ணெய் தேய்த்து நிழலில் உலர்த்தினால் வேலை முடிந்தது. எல்லாம் சேர்த்து வாரக்கணக்கில் ஆகும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கோலிட்டன் என்ற ஊரில் ஓக் பட்டையில் பதனிடும் ஒரு பழைய கூடம் இன்னும் நடக்கிறது; அங்கே கனத்த மாட்டுத்தோல் ஒன்று வெளியே வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இந்தக் கடுக்காய் துணிக்கும் உரியது. கலம்காரிக்காரர்கள் துணியை முதலில் பாலும் கடுக்காயும் கலந்த நீரில் நனைத்த பிறகே எழுதத் தொடங்குவார்கள். துணிக்கும் தோலுக்கும் ஒரே மூலப்பொருளை வைத்து வேலை செய்த நாடு இது.

வேலை செய்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். தோலைத் தொடுகிறார்கள் என்ற காரணத்துக்காகவே ஊர் தள்ளிவைத்த தலித் மக்கள்தான் தலைமுறை தலைமுறையாகக் குழியில் இறங்கியவர்கள். வணிகம் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் கையில் இருந்தது. சென்னைப் பெரியமேட்டில் அவர்களுடைய கிடங்குகள். அங்கிருந்து கட்டுக் கட்டாகத் துறைமுகத்துக்குப் போன தோல் லண்டனில் ஏலம் போனது. அங்கே அதற்கு ஈஸ்ட் இந்தியா தோல் என்று பெயர். சிறிய உடம்புள்ள நம் நாட்டு மாட்டின் தோலைக் கிப் என்று தனியாகக் கேட்டு வாங்கினார்கள். ஷூவின் மேல்பாகத்துக்கும் உள்பக்கத்துக்கும் அது தோதாக இருந்தது. முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்ஸுக்காக 1916இல் பிரிட்டிஷ் அரசு சென்னை மாகாணத்துக் கிப் வரத்தையே தன் பிடியில் எடுத்துக்கொண்டது. பிரான்ஸின் சேற்றில் நடந்த காலோடு ஆவாரம்பட்டையும் நடந்தது.

ஆனால் அந்தக் காலத்திலேயே சரிவும் தொடங்கிவிட்டது. ஆவாரைக்குப் போட்டியாகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறங்கியது. சென்னைக் கலைப் பள்ளியின் ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் முறையைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். சில வருடங்களில் பல்லாவரத்தை ஒட்டி எழுந்த குரோம் தோல் கம்பெனியால் அந்த இடத்துக்கே குரோம்பேட்டை என்று பெயர் நின்றது. விடுதலைக்குப் பிறகு அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் வந்தது. 1970களின் தொடக்கத்தில், அரசு அமைத்த சீதாராமையா குழுவின் யோசனைப்படி பச்சைத் தோலின் ஏற்றுமதி நின்றது. அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுத் தோலாக, ஷூவாக அனுப்பு என்றது அரசு. கூலியும் லாபமும் இங்கேயே தங்கட்டும் என்ற நோக்கம் சரியானது. ஆனால் வேகமாக நிறைய வேண்டுமென்றால் குரோம்தான் வழி: பட்டைக்கு வாரங்கள், குரோமுக்கு ஒரு நாள்.

அந்த ஒரு நாளுக்குப் பாலாறு கொடுத்த விலை பெரிது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதும் அதில்தான். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பட்டைத் தோல் பரிசுத்தமானது என்று நான் சொல்ல வரவில்லை. உப்பும் சுண்ணாம்பும் அதிலும் உண்டு. ஒரு கிலோ பச்சைத் தோலுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. குரோமியம் இல்லை என்பது மட்டும் உறுதி.

பட்டைத் தோல் இன்னும் சாகவில்லை. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் அதைச் செய்கிறார்கள். ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் தமிழ்நாட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

ஐரோப்பியப் பத்தாம் நூற்றாண்டுச் செருப்புக்கு ஏன் இந்தத் தோலே வேண்டும் என்று பார்ப்போம். இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை வைக்கிங் காலத்து மண்ணைத் தோண்டினார்கள். ஈரம் நிறைந்து காற்றுப் புகாத மண் அது. தைத்த நூல் பெரும்பாலும் மக்கிப்போயிருந்தது. பட்டையில் பதனிட்ட தோல் மட்டும் ஊசித் துளைகளோடு கிடைத்தது. செருப்பு எப்படித் தைக்கப்பட்டது என்பதை அந்தத் துளைகள் போகும் வரிசையே காட்டிக் கொடுத்தது. மேல்தோலையும் அடித்தோலையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி சேர்த்துத் தைப்பார்கள். ஊசி அடித்தோலை அடிவரை துளைத்துப் போகாது. சதைப்பக்கம் இறங்கி விளிம்பில் வெளியே வரும். தைத்து முடிந்ததும் நனைத்து, முழுச் செருப்பையும் உள்வெளியாகப் புரட்டுவார்கள். தலையணை உறை தைப்பவர்கள் கடைசியில் செய்கிற வேலைதான். தையல் உள்ளே போய்விடும், தரையில் உரசாது, தண்ணீரும் எளிதில் ஏறாது. பட்டைத் தோல் நனைந்தால் இளகும். காய்ந்தால் பிடித்த வடிவத்தில் நிற்கும். குரோம் தோல் அப்படிப் படியாது, பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். ஆகவே குழுக்களின் அந்தச் சட்டம் வெறும் பிடிவாதம் இல்லை. புரட்டித் தைக்கும் முறையே பட்டைத் தோலை நம்பி உருவானது.

அந்தப் புரட்டுச் செருப்புகளையும் கவசங்களையும் இன்று விலைக்கு விற்கும் கடைகளில் இந்தியச் சரக்கு நிறைய உண்டு. உத்தரப் பிரதேசத்து மீரட்டில் ரோமானியத் தலைக்கவசமும் வைக்கிங் வாளும் செய்து அனுப்புகிறார்கள். வெளிநாட்டுக்காரரின் பத்தாம் நூற்றாண்டை நம் கைகள் தைத்துக் கொடுக்கின்றன.

நம்முடைய பத்தாம் நூற்றாண்டை யார் தைப்பது? தூரத்தில் தேட வேண்டாம். 2019இல் பிரிந்த ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள்ளேயே, அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலம் இருக்கிறது. 949இல் அங்கே முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையை எதிர்த்து நின்று, யானை மேலேயே கங்க மன்னன் பூதுகனால் கொல்லப்பட்டான். தென்னிந்தியாவின் போக்கையே திருப்பிய போர். ஆனால் தக்கோலத்தில் நின்ற காலாள் எப்படி உடுத்தியிருந்தான் என்று கேட்டால் நம் பிள்ளைகள் சினிமாவைத்தான் காட்டுவார்கள். சினிமா உடை கேமராவுக்குப் பதில் சொல்லும் உடை. கல்லுக்கும் சுவருக்கும் அது பதில் சொல்ல வேண்டியதில்லை.

கல்லும் சுவரும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. செங்கம் பகுதி நடுகற்களில் பல்லவர் கால வீரர்கள் வில்லும் குறுவாளும் கேடயமும் ஏந்தி நிற்கிறார்கள். மேலுடம்பில் துணி இல்லை. இடுப்பில் இறுக்கிக் கட்டிய கச்சை, உச்சியில் முடிந்த கொண்டை. அந்தக் கற்களை 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்து நூலாக்கியது. தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்றறைச் சுவரில் எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்ட ஓவியங்களில் பூவேலையும் கோடுமாக நெய்த துணிகள் வண்ணத்தோடு இருக்கின்றன. நம் வட்டாரத்திலேயே மலையாம்பட்டு அருகே அர்மாமலைக் குகையில் சமண ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. பெரிய கோயிலில் வேலை செய்தவர்களைப் பெயர் சொல்லும் இராசராசன் கல்வெட்டில் தையற்காரர்களும் இடம்பெறுகிறார்கள். தைத்த துணி நமக்குப் பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்கிறவர்கள் அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

காலில் என்ன? சிற்பங்களில் அரசனும் வீரனும் பெரும்பாலும் வெறுங்காலோடு இருக்கிறார்கள். பாதுகை தரித்து வருபவர் பிச்சை ஏற்கும் சிவனான பிட்சாடனர். தோல் செருப்போடு வருபவர் வேடர் கண்ணப்பர், செருப்புக் காலையே இறைவன் கண்ணில் ஊன்றியவர். வெயிலிலும் முள்ளிலும் நடந்தவர்களின் காலில்தான் சிற்பி செருப்பைக் காட்டினான். போர்க்களத்தில் தோல் இருந்த இடங்கள் வேறு: வாளுறை, கேடயம், முரசின் முகம், யானையையும் குதிரையையும் பிணைத்த வார். இவற்றில் ஒன்றுகூட உழைக்கும் கை படாமல் உருவாகியிருக்காது. அந்தக் கைகளின் பெயரை எந்தக் கல்வெட்டும் வீரனின் பெயரைப் போல வெட்டி வைக்கவில்லை.

அதனால்தான் நம் பழைய உடையை நாமே மீட்டுச் செய்ய வேண்டும் என்கிறேன். ஐரோப்பியர்கள் துளைகளைப் பார்த்துச் செருப்பை மீட்டார்கள். நாம் நடுகல்லைப் பார்த்துக் கச்சையையும் வாளுறையையும் மீட்கலாம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஒரு படத்தைக் காட்டினாலே அளவெடுத்துத் தோலை வெட்டிவிடும் பேட்டர்ன் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். திருச்சியில் பட்டைத் தோல் கிடைக்கிறது. அடையாற்றில் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. காஞ்சிபுரமும் ஆரணியும் கூப்பிடு தூரத்தில் தறி ஓட்டுகின்றன. ஒரு தொல்லியலாளர், ஒரு நெசவாளர், ஒரு தோல் தொழிலாளி, மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். வேலூர், ராணிப்பேட்டை கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளுக்கும் ஷூ கம்பெனிகளை நடத்துகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இது: தக்கோலத்துக் காலாள் ஒருவனின் முழு உடையை, ஆதாரம் உள்ளதை மட்டும் வைத்து, ஆவாரம்பட்டைத் தோலில் செய்யுங்கள். அதைச் செய்தவர்களின் பெயரையும் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். முதலில் அதைத் தக்கோலம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உடுத்திக் காட்டுங்கள்.