சொவெட்டோ 1976: குண்டுக் காயமா, சீழ்க்கட்டியா?

1976 ஜூன் 16, புதன்கிழமை. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரத்தை ஒட்டி, கறுப்பின மக்களுக்கென்று வெள்ளையர் அரசு ஒதுக்கி வைத்த பகுதிதான் சொவெட்டோ. அன்று காலை அங்கே ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் வகுப்புக்குப் போகவில்லை. கையில் எழுதிய அட்டைகளோடு ஆர்லண்டோ விளையாட்டு அரங்கை நோக்கி ஊர்வலமாகக் கிளம்பினார்கள்.

காரணம் மொழி. கணக்கு, சமூகவியல் போன்ற பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்று 1974-ல் உத்தரவு வந்திருந்தது. அது ஆட்சியாளர்களின் மொழி. மாணவர்களுக்கும் அது சரியாகத் தெரியாது, பல ஆசிரியர்களுக்கும் தெரியாது!

வழியில் போலீஸ் மறித்தது. கண்ணீர்ப் புகை வீசினார்கள், நாயை ஏவினார்கள். கூட்டம் கலையவில்லை. அடுத்து துப்பாக்கி வெடித்தது. ஹெக்டர் பீட்டர்சன் என்ற 12 வயதுச் சிறுவனும் ஹேஸ்டிங்ஸ் என்ட்லோவு என்ற 15 வயது மாணவனும் இறந்தார்கள். குண்டடிபட்ட ஹெக்டரை ம்புயீசா மக்குபோ என்ற இளைஞர் தூக்கிக்கொண்டு ஓட, பக்கத்தில் அக்கா அழுதபடி ஓடிவருகிறாள். சாம் நிசிமா எடுத்த இந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் பரவியது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் மருத்துவமனையில் நடந்தது. குண்டுக் காயத்தோடு வந்தவர்களின் பட்டியலைப் போலீஸ் கேட்டது. எதற்கு? கலவரம் செய்ததாக அவர்கள் மேல் வழக்குப் போட! அதாவது சுட்டவன் குற்றவாளி இல்லை. உடம்பில் குண்டு இருப்பதே குற்றத்துக்குச் சாட்சி. மருத்துவர்கள் பட்டியல் தர மறுத்தார்கள். பதிவேட்டில் குண்டுக் காயம் என்று எழுதாமல் சீழ்க்கட்டி என்று எழுதினார்கள். அந்தப் பொய் பிள்ளைகளைச் சிறையிலிருந்து காப்பாற்றியது.

ஹெக்டரைத் தூக்கிய மக்குபோ போலீஸ் தொல்லை தாங்காமல் நாட்டை விட்டே ஓடினார். அவர் குடும்பம் அவரைத் திரும்பப் பார்க்கவே இல்லை. படம் எடுத்த நிசிமாவும் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. அடிபட்டவன், தூக்கியவன், படம் எடுத்தவன்... மூன்று பேரும் அரசுக்கு ஒன்றுதான். மூவருமே நடந்ததற்குச் சாட்சிகள்.

முதல் நாளில் இறந்தவர்கள் 23 பேர் என்றது அரசு. கலவரம் பல ஊர்களுக்குப் பரவியது. அரசே அமைத்த சில்லியே விசாரணைக் குழு பின்னர் 575 மரணங்கள் என்று கணக்குச் சொன்னது. பெரும்பாலோர் போலீசால் கொல்லப்பட்டவர்கள். காயமடைந்தவர்களை மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்து எண்ண முடியாது. அதில் சீழ்க்கட்டி என்றல்லவா இருக்கிறது!

ஆப்பிரிக்கான்ஸ் உத்தரவு அடுத்த மாதமே கைவிடப்பட்டது. நிறவெறி ஆட்சி ஒழிய 1994 வரை ஆனது. ஜூன் 16 இன்று அங்கே இளைஞர் தினம், அரசு விடுமுறை.

எந்த ஊர்வலத்திலும் "காயம் இத்தனை பேர்" என்று ஒரு கணக்கு வரும்போது, அதை எழுதியவர் யார், தன் பெயரைச் சொல்லப் பயந்து வீட்டிலேயே கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும். சொவெட்டோ சொல்லித்தரும் பாடம் அதுதான்.