ஜொகூர் ஆற்றங்கரைக் கோட்டைகள்: மண்மேடும் கருங்கல் கோட்டையும்



கோட்டை பார்க்கணும்னா நம்ம பிள்ளைகளுக்கு உடனே நினைவுக்கு வருவது மலாக்காதான். அங்கே கல் இருக்கு, வாசல் இருக்கு, நின்று படம் எடுத்துக்கலாம். ஆனால் அந்த ஆ ஃபமோசா வாசல் போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையின் மிச்சம். 1807-இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை இடித்தபோது தப்பியது அந்த ஒன்றுதான். மலாக்காவை இழந்த மலாய் அரச குடும்பம் எங்கே போனது, எங்கே தன் கோட்டையைக் கட்டியது? அந்த இடங்கள் நம்ம ஜொகூரிலேயே, கோத்தா திங்கி மாவட்டத்திலேயே இருக்கு. கோத்தா திங்கி என்றாலே 'உயர்ந்த கோட்டை' என்றுதான் பொருள். மலாய் 'கோத்தா'வும் தமிழ்க் 'கோட்டை'யும் உறவுச் சொற்கள்.

முதலில் காலவரிசையைப் பார்த்துவிடுவோம். 1511-இல் மலாக்கா வீழ்ந்தது. சுல்தான் மஹ்முட் ஷா பிந்தான் தீவுக்குப் போனார். 1526-இல் போர்த்துக்கீசியர் அதையும் அழித்தார்கள். 1528-இல் சுமத்ராவின் கம்பாரில் அவர் காலமானார். அவர் மகன் சுல்தான் அலாவுடின் ரியாயட் ஷா ஜொகூர் ஆற்றங்கரைக்கு வந்து புதிய அரசைத் தொடங்கினார். ஜொகூர் அரசை மலாக்காவின் வாரிசு என்று பாடநூல் சொல்வது இதனால்தான்.

கோத்தா திங்கி நகருக்குத் தெற்கே, ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கு ஜொகூர் லாமா. செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் போனால் அமைதியான கம்போங், ஆற்றோரமாக அலையாத்திக் காடு. ஏறத்தாழ 1540-இல் தலைநகரம் இங்கே வந்தது. 1564-இல் ஆச்சே படை தாக்கி, சுல்தானையே பிடித்துக்கொண்டு போனது. மீண்டும் எழுந்த ஊரை 1587-இல் தோம் பாவ்லோ டி லிமா பெரேரா தலைமையில் வந்த போர்த்துக்கீசியப் படை எரித்து அழித்தது. இன்று அங்கே ஆற்றைப் பார்த்தபடி ஒரு மேட்டு நிலமும், புல் மூடிய மண்கரைகளும், ஒரு சிறிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. கோட்டைக்குப் பெயர் கோத்தா பத்து, அதாவது கல் கோட்டை. கண்ணுக்குத் தெரிவதோ மண்தான்.

இங்கே வரும் மாணவன் கட்டாயம் கேட்பான்: "என்ன சார், கோட்டைன்னு சொன்னீங்க, வெறும் மேடா இருக்கே?" இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கான பதிலை அங்கேயே, அந்த மேட்டில் நிற்கவைத்தே சொல்லலாம்.

மண்ணும் மரமும் ஏழைகளின் கட்டுமானம் இல்லை. உயர்த்திக் கட்டிய மண்கரையில் பீரங்கிக் குண்டு பட்டால் புதைந்துவிடும். கல் சுவரைப்போலச் சிதறாது. மண்ணும் மரமும் கையருகிலேயே கிடைப்பதால் இழந்ததைச் சீக்கிரம் திரும்பக் கட்டலாம். அதைவிட முக்கியம், ஜொகூரின் செல்வம் சுவருக்குள்ளே இல்லை. அது ஆற்றிலும், கடல் வணிகத்திலும், மன்னரைப் பின்தொடர்ந்து வரும் மக்களிடமும் இருந்தது. அதனால்தான் ஒரு தலைநகரம் எரிந்ததும் அரசு முடிந்துபோகவில்லை. 1587-க்குப் பிறகு ஆற்றின் மேல்பகுதியில் பத்து சாவாருக்கு நகர்ந்தது. 1613-இல் ஆச்சே அதைத் தாக்கியது, 1673-இல் ஜாம்பி அழித்தது, பிறகு ரியாவ் தலைநகரானது. இதற்கு நடுவே 1641-இல் டச்சுக்காரர்களோடு சேர்ந்து மலாக்காவிலிருந்து போர்த்துக்கீசியரை விரட்டவும் ஜொகூர் உதவியது. 'தலைநகரம் ஏன் அடிக்கடி மாறியது?' என்ற கேள்வி தேர்வில் வந்தால் தாக்குதல்களை மட்டும் பட்டியலிட்டு நிறுத்திவிடாதீங்க. மாற முடிந்ததே ஒரு பலம் என்பதையும் எழுதுங்க.

சரி, மண்மேட்டை வைத்து இதையெல்லாம் எப்படி உறுதிப்படுத்துகிறார்கள்? 1950-களில் ஜொகூர் லாமாவில் ஆய்வு நடந்தது. 1960-இல் வில்ஹெல்ம் சோல்ஹைம் குழு அகழாய்வு செய்தது. கிடைத்தவற்றில் முக்கியமானவை சீனப் பீங்கான் ஓடுகளும் மண்பாண்டத் துண்டுகளும். பீங்கானின் வேலைப்பாட்டைப் பார்த்தே அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். சீனாவிலிருந்து சரக்கு வந்து இறங்கிய துறைமுகம் இது என்பதற்கும் அதுவே சாட்சி. போர்த்துக்கீசியரின் எழுத்து ஒரு பக்கம், மண்ணுக்குள் கிடைத்த ஓடு இன்னொரு பக்கம். இரண்டும் ஒத்துப்போகும்போதுதான் வரலாற்றாசிரியர் துணிந்து எழுதுகிறார்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழாசிரியர்களான நம்மை ரொம்பவும் ஈர்க்கிற இன்னொரு கோட்டைக்குப் போவோம்: கோத்தா கெலாங்கி.

1612-இல், ஜொகூர் அரசின் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் செஜாரா மெலாயு நூலைத் தொகுக்கத் தொடங்கினார். இதே ஆற்றங்கரையில், பத்து சாவார் தலைநகராக இருந்த காலம் அது. 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற நூல் இது. ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் கருங்கல்லால் கட்டிய கோட்டை ஒன்று இருந்தது, இந்திய மன்னன் ஒருவன் படையெடுத்து வந்து அதை வென்றான் என்று அதில் ஒரு கதை வருகிறது. பிரதிக்குப் பிரதி ராஜா சூரான், ராஜா சுலான் என்று அந்த மன்னனின் பெயர் மாறும். 'சோழன்' என்ற ஒலி நம்ம காதில் விழாமல் போகுமா? உடனே 1025-இல் நடந்த ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பை இதோடு இணைத்துவிடத் தோன்றும். பல மேடைகளில் அப்படி இணைத்தும் பேசுகிறோம்.

2005 பிப்ரவரியில் இந்தக் கதை நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கே வந்தது. ஜொகூர் காட்டுக்குள் அந்தத் தொலைந்த நகரம் இருக்கக்கூடும் என்று ராய்மி சே ரோஸ் என்ற ஆய்வாளர் சொன்னார். அரசு ஒரு குழுவை அனுப்பித் தேட வைத்தது. அப்படி ஒரு நகரம் இருந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை என்று 2006 ஏப்ரலில் அறிவித்தார்கள். பகாங்கில், ஜெரான்துட் அருகே கோத்தா கெலாங்கி என்ற பெயரில் குகைகள் இருக்கின்றன. அது வேறு இடம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் வகுப்பில் என்ன சொல்வது? மூன்றையும் தனித்தனியாக வைத்துச் சொல்லலாம்.

ஒன்று, கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜேந்திரன் வென்ற கடல்கடந்த ஊர்களின் பட்டியல் இருக்கிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று போகிறது. ராஜேந்திரன் காலத்திலேயே வெட்டப்பட்ட சான்று அது. கடாரம் கெடா என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் கெலாங்கி என்ற பெயர் இல்லை.

இரண்டு, இலக்கியம். செஜாரா மெலாயு எழுதப்பட்டது படையெடுப்புக்கு 587 ஆண்டுகள் கழித்து. அதே கதையின் தொடர்ச்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடிக்குப் போகும் மன்னனும் வருகிறான். அதற்காக நூலைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. மலாய் அரச பரம்பரையின் பெருமையைச் சொல்ல வந்த ஒரு நூல், ஒரு தென்னிந்திய மன்னனின் நினைவை 17-ஆம் நூற்றாண்டு வரை சுமந்து வந்திருக்கிறது. அதுவே நமக்குப் பெரிய செய்தி.

மூன்று, மண். ஜொகூர் லாமாவில் மண் பேசியது. கெலாங்கியைப் பொறுத்தவரை இதுவரை மண் பேசவில்லை.

'சோழன் ஜொகூரில் கோட்டையை வென்றான்' என்று ஒரு மாணவன் தேர்வுத்தாளில் எழுதினால் அது சான்றில்லாத வாக்கியம். 'ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கோட்டையை ஓர் இந்திய மன்னன் வென்றதாகச் செஜாரா மெலாயு கூறுகிறது. அகழாய்வுச் சான்று கிடைக்கவில்லை' என்று எழுதினால் யாராலும் அசைக்க முடியாது. நம்ம பெருமைக்கும் அதுதான் பாதுகாப்பு. இன்னொரு இனத்துப் பிள்ளை எதிர்க்கேள்வி கேட்டாலும் நம்ம பிள்ளை தடுமாற மாட்டான்.

பயணத்துக்கு ஒரே நாள் போதும். காலையில் ஜொகூர் லாமா, பிற்பகலில் கோத்தா திங்கியில் கம்போங் மக்காமில் இருக்கும் சுல்தான் மஹ்முட் சமாதி. 1699-இல் தூக்குப் பல்லக்கில் போகும்போது கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் இரண்டாம் மஹ்முட் ஷா அவர். அரச தோட்டத்துப் பலாச்சுளை தின்ற குற்றத்துக்காக மெகாட் ஸ்ரீ ராமாவின் கர்ப்பிணி மனைவியை அவர் கொல்லச் செய்தார், அதற்குப் பழிவாங்கவே இந்தக் கொலை என்பது வழிவழியாக வரும் கதை. மன்னர் வாரிசின்றி இறந்தார், ஜொகூரில் மலாக்கா அரச மரபு அவரோடு முடிந்தது, பெண்டஹாரா அப்துல் ஜாலில் அரியணை ஏறினார் என்பது வரலாறு. இங்கேயும் கதையையும் வரலாற்றையும் பிரித்துச் சொல்ல வைத்துப் பாருங்க.

போகும் முன் பிள்ளைகளிடம் ஒரு தாளில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்க: 'நான் கண்டது', 'நூல் சொல்வது', 'ஊர் சொல்வது'. சமாதி புனித இடம், உடையிலும் பேச்சிலும் மரியாதை வேண்டும். மேட்டில் பீங்கான் ஓடு எதுவும் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அதைப் பற்றி அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். இடம் மாறிய ஓடு பாதிச் சான்றை இழந்துவிடுகிறது. எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை அதன்பிறகு யாராலும் சொல்ல முடியாது.