'சுமத்ரா' மழையின் துளியை அளக்கும் ரேடார்

மலாக்கா நீரிணைக்கு அக்கரையிலிருந்து விடியற்காலையில் வந்து அடிக்கும் காற்றுமழைக்கு வானிலைத் துறையினர் வழங்கும் பெயர் 'சுமத்ரா'. பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமத்ரா தீவிலோ நீரிணையின் மீதோ திரளும் இடிமேகங்கள் வரிசைகட்டிக் கிழக்கே நகர்ந்து நம் மேற்குக்கரையை எட்டுகின்றன. பால்மரம் சீவும் நேரமும் அதுதான். பட்டை நனைந்தால் பால் சீவிய தடத்தில் ஓடாமல் பரவிவிடும். மங்கில் மழைநீர் நிறையும். அன்றைய வருமானம் போனதுதான்.

இந்த மழையை முன்கூட்டியே காட்டுவது ரேடார். அது அனுப்பும் வானொலி அலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகிறது. அந்த எதிரொலியின் பலத்தைக் கொண்டே மழையின் அளவு கணக்கிடப்படுகிறது.

சிக்கல் இங்கேதான். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளி, 1 மில்லிமீட்டர் துளிகள் 64 சேர்ந்து தரும் எதிரொலியைத் தனியாகவே தந்துவிடும். ஆனால் அதிலுள்ள தண்ணீரோ எட்டுச் சிறு துளிகளின் அளவுதான். ஆகவே ரேடார் படத்தில் ஒரே நிறத்தில் தெரியும் இரண்டு மேகங்கள் ஒரே அளவு மழை தரும் என்று சொல்ல முடியாது. துளியின் அளவும் தெரிய வேண்டும்.

வேகம் சொல்லும் அளவு

பெரிய துளி வேகமாக விழும். 1 மில்லிமீட்டர் துளி விநாடிக்குச் சுமார் 4 மீட்டரும், 5 மில்லிமீட்டர் துளி சுமார் 9 மீட்டரும் இறங்கும். நெருங்கி வரும் ஆம்புலன்ஸின் சங்கொலி உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதைப்போல, திரும்பி வரும் அலையின் மாற்றத்திலிருந்து துளியின் வேகத்தை அறியலாம். இதுவே டாப்ளர் முறை.

ஆனால் மேகத்துக்குள் காற்றும் சும்மா இருப்பதில்லை. அது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேலெழுந்தால், 5 மில்லிமீட்டர் துளிகூட 4 மீட்டர் வேகத்தில் இறங்குவதாகத் தெரியும். பெரிய துளியைச் சிறிய துளி என்று ரேடார் தவறாகக் கணிக்கும்.

அக்கரையில் ஒரு தீர்வு

மேற்கு சுமத்ராவில் புக்கிட் திங்கிக்கு அருகேயுள்ள கொத்தோ தாபாங்கில், 2001ஆம் ஆண்டு முதல் ஒரு ரேடார் இயங்கி வருகிறது. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகமும் அப்போது இந்தோனேசிய விண்வெளி நிறுவனமாக இருந்த லாப்பானும் சேர்ந்து அமைத்த இதில் 560 ஆண்டெனாக்கள் உள்ளன. இதன் அலைநீளம் ஆறு மீட்டருக்கும் அதிகம். அதனால் காற்றின் சுழிப்புகளிலிருந்தே எதிரொலி கிடைக்கிறது. மழை வலுக்கும்போது துளிகளின் எதிரொலியும் தனியே தெரிகிறது. முதலாவது காற்றின் வேகத்தைத் தருகிறது. அதைக் கழித்தால் துளியின் உண்மையான வேகமும், அதன்வழி அளவும் கிடைக்கின்றன. திருப்பதிக்கு அருகே காதங்கியில் 1,024 ஆண்டெனாக்களுடன் இந்தியா அமைத்துள்ள ரேடாரும் இதே வகையைச் சேர்ந்ததே.

மழையின் எந்தக் கட்டத்தில் எந்த அளவுத் துளிகள் விழுகின்றன என்பது தெரிந்தால், சாதாரண ரேடார்களின் மழைக் கணக்கையும் திருத்த முடியும். மலேசிய வானிலைத் துறையின் ரேடார் படத்தைப் பார்ப்போர் நிறத்தை மட்டும் நம்பாமல், அடுத்தடுத்த படங்களில் மேகவரிசை கடலிலிருந்து எவ்வளவு விரைவாகக் கரையை நெருங்குகிறது என்பதையும் கவனிப்பது நல்லது.